ப்ராக்கோலி முளைப் பொடி: டப்பாவில் எழுதாத ஒரு விஷயம்

ஆன்லைனில் வாங்கிய ப்ராக்கோலி முளைப் பொடி இது. பார்க்க நல்ல பச்சை, கட்டி தட்டாமல் கரைகிறது, பேக்கிங்கும் சுத்தம். ஆனால் "நச்சுகளை வெளியேற்றும்" என்று முகப்பில் போட்டிருக்கிறார்களே, அதை நம்பிக் காசு கொடுப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லேபிளில் பெரிதாக இருப்பது குளுக்கோரஃபனின், ப்ராக்கோலியில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள். மைரோசினேஸ் என்ற நொதி அதை உடைத்தால்தான் சல்ஃபோரஃபேன் உண்டாகும். நச்சுப் பொருட்களைக் கரையும்படி மாற்றி வெளியே அனுப்பும் குளூட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ், குயினோன் ரிடக்டேஸ் போன்ற நொதிகளை உடம்பு கூடுதலாகத் தயாரிக்கத் தூண்டுவது அந்த சல்ஃபோரஃபேன்தான். செடிக்குள் குளுக்கோரஃபனினும் மைரோசினேஸும் தனித்தனியாக இருக்கும், நறுக்கும்போதும் மெல்லும்போதும்தான் ஒன்று சேரும். நான் வாங்கிய டப்பாவில் மைரோசினேஸ் பற்றி ஒரு வரி கூட இல்லை. கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தேன், பச்சை முளையில் இருக்கும் முள்ளங்கிக் காரம் துளியும் இல்லை, வெந்த கீரை வாசனைதான் வந்தது, சூட்டில் உலர்த்தி நொதியைக் கொன்றுவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். விற்றவர்களிடம் கேட்டால் விளம்பரத் தாளையே திருப்பி அனுப்புகிறார்கள். நொதி இல்லாவிட்டாலும் குடல் பாக்டீரியா ஓரளவு மாற்றித் தரும், சரி, ஆனால் அது ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும்.

ஆராய்ச்சி பொய்யில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே என்ற விஞ்ஞானியின் குழு 1992-ல் ப்ராக்கோலியிலிருந்து சல்ஃபோரஃபேனைப் பிரித்தெடுத்தது. முற்றிய ப்ராக்கோலியை விட மூன்று நாள் முளையில் குளுக்கோரஃபனின் பல மடங்கு அதிகம் என்று 1997-ல் காட்டியதும் அவர்கள்தான். காற்று மாசு அதிகமுள்ள சீனாவின் சிடோங் பகுதியில் 12 வாரம் முளைப் பானம் கொடுத்துப் பார்த்ததில், மாசுக் காற்றில் இருக்கும் நச்சுகளான பென்சீனின் கழிவு சிறுநீரில் வெளியேறுவது 61 சதவீதமும் அக்ரோலின் கழிவு வெளியேறுவது 23 சதவீதமும் கூடியது, 2014-ல் வெளியான முடிவு இது. அந்தப் பானத்தில் சல்ஃபோரஃபேனையே நேரடியாகவும் கலந்திருந்தார்கள்! அந்த ஆய்வைக் காட்டி இந்தப் பொடியை விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். பச்சைக் கடுகைப் பொடித்து ஒரு சிட்டிகை சேர்த்து, வெந்நீரில் கலக்காமல் சாதாரணத் தண்ணீரில் கலக்குங்கள், கடுகிலும் அந்த நொதி இருக்கிறது. தாளித்த கடுகு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் நொதி செத்துவிடும். வெள்ளரிக்காய்ப் பச்சடிக்குக் கடுகைப் பச்சையாக அரைத்துச் சேர்ப்பார்களே, அந்த மாதிரி. அப்புறம், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம், பச்சைக் காய்களில் வைட்டமின் கே உண்டு.

மைரோசினேஸ் சேர்த்தது என்று லேபிளில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். இந்தப் பொடிக்கு 5-க்கு 2 கொடுக்கிறேன், அதுவும் பேக்கிங்குக்காக.