கேம்பிரிட்ஜில் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன்

போன அக்டோபர் கடைசியில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு நடைச் சுற்றுலாவில் ஏமாந்தோம். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போடுகிற யாருக்கும் அது நடக்கக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இங்கிலாந்தில் அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: ராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்த டிரினிட்டி கல்லூரி. அம்மாவுக்குக் கிங்ஸ் கல்லூரியின் சாப்பல், அதாவது கல்லூரிக்குள்ளேயே இருக்கும் தேவாலயம். இணையத்தில் தேடியபோது இரண்டும் சேர்ந்த ஒரு நடைச் சுற்றுலா கிடைத்தது. இரண்டு மணி நேரம், தலைக்கு 32 பவுண்டு. விளம்பரத்தின் உச்சியிலேயே சாப்பலின் உட்கூரைப் படம் பெரிதாக இருந்தது. விசிறியை விரித்தாற்போல் கல்லில் செதுக்கிய அந்தக் கூரை உலகத்திலேயே பெரியது. 1512 முதல் 1515 வரை ஜான் வாஸ்டெல் என்ற கொத்தனார் கட்டி முடித்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் 96 பவுண்டு கட்டினேன்.

கிங்ஸ் பரேட் என்ற தெருவில் நிற்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் தாமதமாக ஒரு பையன் மஞ்சள் குடையோடு வந்தான். சிறு குழு என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் இருபத்தெட்டுப் பேர். மைக் கிடையாது. அடிக்கிற காற்றில் பின்வரிசையில் நின்ற அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

சாப்பல் வாசலுக்கு வந்ததும், "இன்று உள்ளே நிகழ்ச்சி, மூடியிருக்கிறது" என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு குடும்பம் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனது. அதைக் காட்டிக் கேட்டேன். உடனே பேச்சு மாறியது: "உங்கள் டிக்கெட்டில் நுழைவு இல்லை, பார்வை மட்டும்தான்." போனில் திறந்து பார்த்தேன். உண்மைதான். எங்கேயும் 'உள்ளே' என்ற சொல்லே இல்லை. "கிங்ஸ் கல்லூரி சாப்பலைக் காணுங்கள்" என்றுதான் இருந்தது. தெருவில் நின்று பார்ப்பதற்குப் பணம் எதற்கு?

அப்புறம் சில்வர் ஸ்ட்ரீட் பாலத்தில் நின்று, குயின்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தைக் காட்டினான். கணிதப் பாலம் என்பார்கள். நியூட்டன் ஒரு போல்ட்டுகூட இல்லாமல் கட்டினார், மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்க்க முடியாமல் திணறினார்கள் என்று கதை சொன்னான். அப்பா என் காதருகே வந்து, "நியூட்டன் செத்தது 1727லப்பா" என்றார். பாலம் கட்டியது 1749இல். வடிவமைத்தவர் வில்லியம் எதரிட்ஜ், கட்டியவர் ஜேம்ஸ் எசெக்ஸ். இப்போது நிற்பது அதே அமைப்பில் 1905இல் திரும்பக் கட்டியது. போல்ட்டும் இருக்கிறது. டிரினிட்டி வாசலில் இருக்கிற ஆப்பிள் மரத்தையும் நியூட்டனின் தலையில் பழம் விழுந்த மரம் என்றே சொன்னான். அந்த ஆப்பிள் கதை நடந்த இடம் லிங்கன்ஷயரில் அவர் பிறந்த வீட்டுத் தோட்டம்.

அந்த வாசலில்தான் அப்பா முன்னே போய்க் கேட்டார், ராமானுஜன் எந்த அறையில் இருந்தார் என்று. பையன் தோளைக் குலுக்கிவிட்டு, "அடுத்தது படகு, வாருங்கள்" என்று கிளம்பிவிட்டான். ஆற்றங்கரையில் தலைக்கு இன்னும் 30 பவுண்டு கேட்டார்கள். வேண்டாம் என்றதும் எங்களுக்குச் சுற்றுலா அங்கேயே முடிந்தது. மணி பார்த்தேன், ஒரு மணி பத்து நிமிடம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்ப டிரினிட்டிக்கே போவோம் என்றார், அவ்வளவுதான். வாசலில் வட்டத் தொப்பி போட்ட போர்ட்டர் ஒருவர் இருந்தார்; அங்கே கல்லூரி வாயிற்காவலரை அப்படித்தான் சொல்வார்கள். அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். போர்ட்டர் மெல்ல அப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டிடத்தைக் காட்டினார். ஹியூவெல்ஸ் கோர்ட், டிரினிட்டியின் விடுதிக் கட்டிடம். வந்த புதிதில் ராமானுஜன் தங்கியிருந்த இடம். கொஞ்ச நேரம் முன்பு அந்தக் கூட்டத்தில் பத்து நிமிடம் நாங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். அப்பா செருப்பைக் கழற்றப் போய், குளிர் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது.

கிங்ஸ் சாப்பலில் மாலை வழிபாடு இருக்கிறது, கல்லூரிப் பாடம் நடக்கும் பருவ நாட்களில் யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை என்று சொன்னவரும் அந்தப் போர்ட்டர்தான். வரிசையில் நின்று உள்ளே போனோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பையன்கள் பாட, அம்மா முழு நேரமும் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "விளம்பரத்தில் சொன்னது அனைத்தும் காட்டப்பட்டது" என்று இரண்டு வரியில் பதில். கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். போட்டோக்களும் அந்த விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்ததால்தான் அவர்கள் புகாரையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பணம் கட்டுகிற அன்றே பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் தெருவில் கைடு வேலை பார்க்க லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, யாரும் குடை பிடித்துக் கிளம்பலாம். ஆனால் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுதியவர்களுக்கு நீலப் பேட்ஜ், பச்சைப் பேட்ஜ் என்று உண்டு. பல கல்லூரிகள் அந்தப் பேட்ஜ் உள்ளவர்களைத்தான் குழுவோடு உள்ளே விடும். எனவே "உங்கள் கைடுக்கு எந்தப் பேட்ஜ், எந்தெந்தக் கல்லூரிக்குள் கூட்டிப் போவீர்கள், நுழைவுக் கட்டணம் இதில் சேருமா" என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். சாப்பல் டிக்கெட்டை மட்டும் வேண்டுமானால் கல்லூரியிடமே நேராக வாங்கலாம். போகும் தேதியையும் கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தேர்வு நேரம், பல கல்லூரிகள் கதவைச் சாத்திவிடும். அதை இந்த மாதிரி ஆட்கள் சொல்லவே மாட்டார்கள்.

அந்த விளம்பரம் நேற்றுப் பார்த்தபோதும் இருந்தது. அதே கூரைப் படம், அதே "காணுங்கள்".