மழைக்காலக் கரண்டுக்கு: 4047-ஆ, சைன் போர்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால இடிமழையில் கரண்டு போனால், தோட்டத்து வீட்டுக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான்: நாலு எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், ஒரு மேசை விசிறி. இதில் அதிக வம்பு பிடித்தது விசிறிதான். பேட்டரியின் டிசியை வீட்டு ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரில் எந்த வகையைச் செய்வது என்பதும் அதைப் பொறுத்தது.

மலிவான வழி சிடி4047, அதாவது துடிப்பு உண்டாக்கும் ஒரு சின்ன ஐசி. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 45 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் 50 ஹெர்ட்ஸ் வந்துவிடும். மின்சாரத்தை மாறி மாறித் திறந்து மூடும் சுவிட்சாக இரண்டு ஐஆர்எஃப்இசட்44 மாஸ்ஃபெட், 12 வோல்ட்டை 230 ஆக்கத் தலைகீழாக மாட்டிய 12-0-12 (நடுமுனை உள்ள) டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். ஆனால் வருவது சதுர அலை, வீட்டுக் கரண்டின் வழவழப்பான சைன் அலை அல்ல. சார்ஜர் கண்டுகொள்ளாது, விசிறி உறுமும், சூடாகும். கெப்பாசிட்டரை வைத்தே ஒப்பேற்றும் மலிவு எல்இடி பல்புகளும் அதில் சீக்கிரம் போகும்.

இன்னொன்று இஜிஎஸ்002 போர்டு, அதாவது மாஸ்ஃபெட்டுகளை ஓட்டும் தயார் சைன் போர்டு. அசல் சைன் அலை, வோல்டேஜையும் தானே சீராக வைத்துக்கொள்ளும். சிக்கல் டிரான்ஸ்ஃபார்மரில்தான். அதற்குள் போகும் சைன் அலையின் உச்சி பேட்டரி வோல்டேஜைத் தாண்ட முடியாது. ஏசி வோல்ட் கணக்கோ அந்த உச்சியில் சுமார் 0.7 பங்குதான். 12 வோல்ட் பேட்டரி 10.5-க்கு இறங்கும்போது, மாஸ்ஃபெட்டில் போவதையும் கழித்தால், கிடைப்பது சுமார் 7 வோல்ட் ஏசி. அங்கே 12 வோல்ட் சுற்றுள்ள டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினால் 230-ஐ எட்டவே எட்டாது. பழைய யுபிஎஸ்ஸில் கழற்றியது பொருந்தலாம், ஆனால் பலவும் சில நிமிட ஓட்டத்துக்கு அளந்து செய்தவை. மணிக்கணக்கில் ஓடினால் கொதிக்கும்.

அதனால் இந்த சைன் போர்டுக்கு இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்குவதே என் கட்சி. அப்போது சாதாரண 12 வோல்ட் டொராய்டே (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்) போதும். 200 வாட்டுக்கு 20 ஆம்பியர் இழுத்த இடத்தில் 10 போதும், கம்பியும் குளிர்ந்திருக்கும். 4047-ஐ அப்படியே 24-க்கு ஏற்றக் கூடாது. அணைந்திருக்கும் மாஸ்ஃபெட்டின் மேல் 48 வோல்ட்டும் அதற்கு மேல் திடீர் வோல்டேஜ் துள்ளலும் விழும், 55 வோல்ட் மாஸ்ஃபெட் தாங்காது.

கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் சின்ன ஃபெரைட் கோர் டிரான்ஸ்ஃபார்மர் போடும் இன்வெர்ட்டர் வகை எடை குறைவு, சரி. ஆனால் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். புதிதாகச் செய்பவர் கை வைக்க வேண்டாம்.

விசிறியே இல்லையென்றால் இன்வெர்ட்டர் எதற்கு? 12 வோல்ட் எல்இடியும் கார் சார்ஜரும் பேட்டரியிலேயே நேராக ஓடும்.

எதைச் செய்தாலும் ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வெளியீட்டை வீட்டுச் சுவர் சாக்கெட்டில் செருகவே கூடாது. கம்பத்தில் வேலை செய்பவர் மேல் அது பாயும்.