தொடக்கநிலை எலக்ட்ரானிக்ஸ் கிட்: வாங்கலாம், ஆனால் மல்டிமீட்டரோடு

வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் கற்க விரும்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்தப் பெட்டியைத்தான். 830 துளை பிரெட்போர்டு (சாலிடர் செய்யாமல் உதிரிகளைச் செருகிச் சர்க்யூட் அமைக்கும் பலகை), ஒரு கட்டு ஜம்பர் வயர், பல மதிப்புகளில் ரெசிஸ்டர்கள், எல்இடிகள், கெபாசிட்டர்கள், சில டிரான்சிஸ்டர்கள், 555 டைமர் ஐசி (நேரம் கணக்கிட்டுத் துடிப்பு தரும் சிப்), எல்டிஆர் (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உதிரி), பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி கிளிப். பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான்.

வாங்கலாம். உதிரிகள் நல்லவை, அடிப்படைச் சர்க்யூட்டுகள் அத்தனைக்கும் போதும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் மல்டிமீட்டர் (வோல்ட்டேஜ், கரன்ட், மின்தடை அளக்கும் கருவி) கிடையாது, பேட்டரித் தேர்வு சரியில்லை, கையேடு படத்தைப் பார்த்து வயரைச் செருகச் சொல்கிறதே ஒழிய எதையும் அளக்கச் சொல்வதில்லை. எல்இடி எரிந்துவிட்டால் மகிழ்ச்சி. எரியாவிட்டால் எங்கே தேடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். பீப் ஒலி உள்ள சாதாரண டிடி-830 வகை மீட்டர் ஒன்று கையில் இருந்தால் இந்த நிலையே வராது. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

முதலில் பிரெட்போர்டு. நடுப்பள்ளத்தின் இருபுறமும் 63 வரிசைகள். ஒவ்வொன்றிலும் உள்ள ஐந்து துளைகளும் உள்ளே ஒரே உலோகக் கிளிப்பில் சேர்ந்திருக்கும். ஓரங்களில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகள் பவர் ரெயில்கள். சில போர்டுகளில் இந்த ரெயில் பாதியிலேயே அறுந்து இரண்டு துண்டாக இருக்கும். மேலே அச்சிட்ட கோடு நடுவில் விட்டிருந்தால் அதற்கான அடையாளம் அது, ஆனால் அச்சை நம்ப வேண்டாம். மீட்டரைக் கன்டினியூட்டியில் (இரு முனைகளுக்கும் இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வராவிட்டால் நடுவில் ஒரு சிறு வயர் போட்டால் சரியாகிவிடும். போர்டின் அடியிலுள்ள ஒட்டும் அட்டையை உரிக்கவே கூடாது. கிளிப்புகளைக் கீழே விழாமல் பிடித்திருப்பது அதுதான். தடித்த கால் உள்ள உதிரிகளை அழுத்திச் செருகினால் கிளிப் விரிந்துவிடும். பிறகு அந்தத் துளையில் மெல்லிய ரெசிஸ்டர் கால் நிற்காது.

கிட்டோடு வரும் ஜம்பர் வயர்கள்தான் மிகவும் பலவீனமான பாகம். வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே முனையில் கம்பி விட்டிருக்கும். ஒவ்வொன்றையும் லேசாக ஆட்டிக்கொண்டே கன்டினியூட்டி பார்த்து, சந்தேகமானதை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். 22 கேஜ் ஒற்றை இழை வயரை 7 அல்லது 8 மில்லிமீட்டர் உறை நீக்கிப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் நீல உடலும் ஐந்து பட்டைகளும் கொண்ட 1 சதவீத வகை. தரம் நல்லது, படிப்பதுதான் சிரமம். 10 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. இதையே மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு; அது 120 ஓம்! இரண்டும் புழக்கத்தில் உள்ள மதிப்புகள் என்பதால் தவறு கண்ணில் படாது. நிறத்தைப் பார்த்து ஊகித்தாலும், செருகும் முன் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

எல்இடிக்குக் கையேடு சொல்லும் 220 ஓம், 5 வோல்ட்டுக்கான கணக்கு. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர். அதே ரெசிஸ்டரை 9 வோல்ட் பேட்டரியில் போட்டால் 32 மில்லி ஆம்பியர் ஓடும், சாதாரண எல்இடிக்கு உரிய 20ஐத் தாண்டிவிடும். உடனே எரிந்து போகாது, அதனால்தான் தவறு தெரிவதில்லை. நாளடைவில் மங்கிவிடும். 9 வோல்ட்டுக்கு 470 ஓம் போடுங்கள்.

அந்த 9 வோல்ட் பேட்டரியையே மாற்றிவிடுவது இன்னும் நல்லது. அதன் உள் மின்தடை அதிகம். சிறு மோட்டாரை இணைத்தாலே வோல்ட்டேஜ் சரிந்து, அதே போர்டில் உள்ள ஐசி தடுமாறும். நான்கு ஏஏ பேட்டரி போடும் ஹோல்டர் 6 வோல்ட் தரும், நீண்ட நாள் உழைக்கும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி நான்கு என்றால் 4.8 வோல்ட்தான் கிடைக்கும். சாதாரண 555க்குக் குறைந்தது 4.5 வேண்டும், எனவே சார்ஜ் இறங்கியதும் நின்றுவிடும்.

இந்தப் பெட்டியை வாங்குவதற்கே காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 555தான். சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக ஹான்ஸ் கேமன்சிண்ட் வடிவமைத்து 1972இல் விற்பனைக்கு வந்த ஐசி. இன்றும் கற்பதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஐசியின் பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால் இடது மேல் கால் 1; அங்கிருந்து கடிகார எதிர்த்திசையில் 8 வரை எண்ணுங்கள். கால் 1 நெகட்டிவுக்கு, 4ம் 8ம் பாசிட்டிவுக்கு. 8க்கும் 7க்கும் நடுவே 1 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் நடுவே 68 கிலோ ஓம். 2ஐயும் 6ஐயும் வயரால் சேர்த்து, அங்கிருந்து 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் நெகட்டிவுக்கு. வெள்ளைக் கோடு போட்ட கால் நெகட்டிவ் பக்கம். கால் 5இலிருந்து 103 என்று எழுதிய கெபாசிட்டர் நெகட்டிவுக்கு. 3இலிருந்து 330 ஓம், எல்இடி வழியாக நெகட்டிவுக்கு. ஏறத்தாழ விநாடிக்கு ஒரு முறை மின்னும். கெபாசிட்டரின் மதிப்பே 20 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதால் வேகம் சற்று மாறினால் உங்கள் தவறு இல்லை.

இங்கேதான் கையேடு நின்றுவிடுகிறது, பாடம் தொடங்குவதோ இதற்குப் பிறகு. 10க்குப் பதில் 100 மைக்ரோ ஃபாரட் போட்டு, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை நெகட்டிவிலும் சிவப்பு முனையைக் கால் 6இலும் வையுங்கள். எண் மெல்ல ஏறி 4 வோல்ட்டைத் தொட்டதும் எல்இடி அணையும். பிறகு இறங்கி 2ஐத் தொட்டதும் எரியும். சப்ளை 6 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கும் ஒரு பங்கும் அவை. ஏற சுமார் 5 விநாடி, இறங்கவும் அவ்வளவே. ஐசிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு இது.

வேலை செய்யாவிட்டால்: எல்இடி எரியவே இல்லை என்றால் முதலில் எல்இடியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பிறகு கால் 4இல் சப்ளை வருகிறதா என்று அளங்கள். மின்னாமல் எரிந்தபடியே இருந்தால் 2ம் 6ம் சேர்ந்திருக்கிறதா, கெபாசிட்டர் சரியான வரிசையில் நிற்கிறதா என்று பாருங்கள். ஐசி சுட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். தலைகீழாகச் செருகியிருக்கலாம், அல்லது 1 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வயர் இருக்கலாம். அப்படி இருந்தால் கால் 7 சப்ளையை நேராக நெகட்டிவுக்கு இழுத்துவிடும்.

டிரான்சிஸ்டரில் ஒரு எச்சரிக்கை. கையேட்டில் ஒன்றின் படமும் பையில் வேறொன்றும் இருப்பது இந்தக் கிட்டுகளில் சகஜம். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் அப்படியே தலைகீழ். உடலில் எழுதியிருப்பதைப் படித்து அதன் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பாருங்கள். பிசி547 தாங்குவது 100 மில்லி ஆம்பியர் மட்டுமே. எல்இடிக்குத் தாராளம், மோட்டாருக்குப் போதாது.

பஸ்ஸர் இரண்டு வகையும் வரும். பேட்டரியைத் தொட்டதும் தொடர்ந்து கத்தினால் அது ஆக்டிவ். 'டிக்' என்று மட்டும் ஒலித்தால் பேசிவ்; அதற்கு வெளியிலிருந்து துடிப்பு தர வேண்டும். 555 சர்க்யூட்டில் 10 மைக்ரோ ஃபாரட்டை எடுத்துவிட்டு 103 போட்டால் சுமார் 1,000 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பேசிவ் பஸ்ஸரை 100 ஓம் வழியாகக் கால் 3இல் கொடுத்தால் அது கேட்கும்.

மீட்டரில் ஒரே ஒரு கவனம் வேண்டும். கரன்ட் அளந்து முடித்ததும் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து பேட்டரியில் வோல்ட்டேஜ் பார்க்கப் போனால் அது நேரடி ஷார்ட்.

பெட்டிக்கு மேல் கூடுதலாக வாங்க வேண்டியவை குறைவு: மீட்டர், நான்கு ஏஏ ஹோல்டர், 22 கேஜ் வயர், இன்னும் இரண்டு 555, 104 என்று எழுதிய கெபாசிட்டர் பத்து. ஒவ்வொரு ஐசியின் சப்ளைக் கால்களுக்கும் அருகே ஒரு 104 போட்டு வையுங்கள். 555 மாறும் கணத்தில் சப்ளையில் எழும் துள்ளலை அது அடக்கும். ஒரு சிடி4017ம் (துடிப்புகளை எண்ணிப் பத்துக் கால்களை ஒவ்வொன்றாக இயக்கும் ஐசி) சேர்த்து வாங்கிவிட்டால், இதே 555இன் கால் 3ஐ அதன் கால் 14இல் கொடுத்துப் பத்து எல்இடிகளை வரிசையாக ஓடவிடலாம்.