ராமநாதபுரம் கரையில் லாரிக்கு மேப்: எங்கே நம்பலாம், எங்கே இறங்கிக் கேட்கணும்

லாரித் தொழிலில் 'ஜிபிஎஸ்' என்றால் ஓனர் வண்டியைக் கண்காணிக்க மாட்டி வைக்கும் டப்பா. வழி காட்டுவதை எல்லோரும் 'மேப்' என்றுதான் சொல்வார்கள். இங்கே பேச்சு அந்த மேப்பைப் பற்றி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரையும், மண்டபம் தாண்டி ராமேஸ்வரம் வரையும் உப்பு, கருவாடு, கரி, ஐஸ் ஏற்றும் வண்டிகளில் அது எப்படி உழைக்கிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் மதுரை – ராமேஸ்வரம் நெடுஞ்சாலையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெயின் ரோட்டை விட்டு இறங்கியபின் வரும் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில்தான் வண்டி மாட்டிக்கொள்கிறது. கூகுள் மேப்பில் கார் உண்டு, பைக் உண்டு, லாரி கிடையாது. உயரம், எடை, அச்சு என்று எதையும் அது கேட்பதில்லை. குறுகலான சாலையைத் தவிர்க்கும் வசதி 2024-ல் வந்தபோதும் 8 நகரங்களுக்குத்தான் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும்.

இந்த மாவட்டத்தில் பெரிய ஏமாற்று, கண்மாய். சாட்டிலைட் படம் கோடையில் எடுத்ததாக இருந்தால் வறண்ட கண்மாய்க்குள் போகும் வண்டித்தடம் சாலை மாதிரியே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தண்ணீர் நிற்கும். கண்மாய்க் கரையும் குறுக்குவழியாகக் காட்டப்படும். டிராக்டர் போகும், லோடு ஏற்றிய பன்னிரண்டு சக்கர வண்டிக்குக் கரை சரியும். உப்பளத்துப் பாத்திகளுக்கு நடுவே போகும் மேட்டுப் பாதையும் இதே ரகம். கரிசல் மண்ணில் ஒரு மழை பெய்தாலே சக்கரம் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் சாய்ந்து நிற்கும் சாலையில் கண்ணாடியும் தார்ப்பாயும் தப்பாது.

அதனால் கிளம்புமுன் மூன்று வேலை. சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி, மெயின் ரோட்டிலிருந்து லோடு இடம் வரை விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முக்கியமாக, வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று. சந்தேகப்பட்ட இடத்தில் மேப்பிலேயே உள்ள தூரம் அளக்கும் வசதியால் அகலத்தை அளந்துகொள்ளலாம். துல்லியமாக வராது, ஆனால் மூன்று மீட்டருக்கும் ஆறு மீட்டருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். கடைசியாக, வழியில் வரும் ஊர்களை நிறுத்தங்களாகச் சேர்ப்பது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் என்றால் சாயல்குடி, கீழக்கரை, ராமநாதபுரம், உச்சிப்புளி. இப்படிக் கட்டிப்போட்டால் 'நான்கு நிமிடம் மிச்சம்' என்று உள்ளூர்ச் சாலைக்கு இழுக்காது.

ஊர்ப் பெயரில் கவனம். ஏர்வாடி என்று அடித்தால் திருநெல்வேலி மாவட்டத்து ஏர்வாடியும் வரும். 'ஏர்வாடி தர்கா' என்று தேடுங்கள். கம்பெனிப் பெயரைத் தேடினால் டவுனில் இருக்கும் ஆபீஸுக்குக் கூட்டிப்போகும், லோடோ வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் கிடக்கும். வாட்ஸப்பில் லொகேஷன் கேட்டாலும் அனுப்புகிறவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அனுப்பினால் வீட்டு வாசல்தான் வந்து சேரும். எடைமேடையிலோ கேட்டிலோ நின்று அனுப்பச் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கு காருக்கானது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள லோடு வண்டி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை என்று வைத்துக்கொள்வது நல்லது. பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர்தான், ஆனால் விடுமுறை நாளில் கடல் பார்க்க நிற்கும் வண்டிகளால் மேப்பில் சிவப்புக் கோடு நீளும். மாற்றுச் சாலை கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். காற்றை மேப் காட்டாது. ஐஸ் பெட்டி, தெர்மோகோல் மாதிரி கனமில்லாத லோடும் உயரமான பாடியும் இருந்தால், புயல் கூண்டு ஏற்றிய நாளில் மண்டபத்திலேயே நிறுத்திவிடலாம்.

தனுஷ்கோடிப் பக்கம் போன் சிக்னல் விட்டுப்போகும். சில சமயம் இலங்கை டவரைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்துவிடுங்கள். செயற்கைக்கோளிலிருந்து இடம் அறிய சிம் தேவையில்லை, படம் வரத்தான் டேட்டா வேண்டும். பகுதி முழுவதையும் முன்கூட்டியே டவுன்லோடு செய்திருந்தால் நீலப்புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். நெரிசல் தகவல் மட்டும் வராது. வேகத்தடையைச் சொல்ல மேப்பிள்ஸ் என்ற இன்னொரு மேப் ஆப் உதவும், ஆனால் அதையும் கூகுளையும் ஒன்றாக ஓட்டினால் இரண்டு குரல் சண்டை போடும்.

கேட்பதிலும் ஒரு வித்தை உண்டு. "அண்ணே, வண்டி போகுமா?" என்றால் பைக்கில் வந்தவர் "போகும்" என்றுதான் சொல்வார். "பன்னெண்டு சக்கரம், லோடோட இருக்கு, நேத்து எதுவும் போச்சாண்ணே?" என்று கேட்க வேண்டும்.

சார்ஜர் வாங்கும்போது 12–24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 12 மட்டும் உள்ளது 24 வோல்ட் லாரியில் கருகிவிடும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் ஸ்டாண்டு சித்திரை வெயிலில் கழன்று விழும், போனும் சூடேறி சார்ஜ் ஏறாமல் நிற்கும். டேஷ்போர்டில் திருகி மாட்டுவதே நிற்கிறது. உப்புக் காற்றில் வயர் முனை பச்சை பூத்துவிடும், கூடுதலாக ஒரு வயர் கையில் இருக்கட்டும்.