1 கேபி பிளாக்கா, 4 கேபி பிளாக்கா?

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து ஒரு லினக்ஸ் சர்வரில் சேர்க்கிறோம். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை (ஃபைல்சிஸ்டம்) இஎக்ஸ்டி4 என்பது முடிவாகிவிட்டது. பிளாக் அளவுதான், அதாவது கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய துண்டின் அளவுதான் பாக்கி.

1 கேபி கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு பதிவுக்கு 300 பைட்டில் குறிப்புக் கோப்பு வைத்தால், 1 கேபியில் அது 1,024 பைட் பிடிக்கும். 4 கேபியில் 4,096. பத்து லட்சம் கோப்புக்கு ஏறக்குறைய 3 ஜிபி மிச்சம். சரி, இன்றைய டிஸ்க்கில் 3 ஜிபி எந்த மூலைக்கு? சின்னக் கோப்புகள் குவிந்தால் முதலில் தீர்வது ஐநோடுதான் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் விவரப் பதிவு). வழக்கமான அமைப்பில் 16 கேபி டிஸ்க் இடத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஃபார்மட் பண்ணும்போதே கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெரிய ஸ்கேன்களுக்கு 4 கேபிதான் தோது. ஒரு எக்ஸ்டென்ட் (அடுத்தடுத்து வரும் பிளாக்குகளின் ஒரே தொகுதி) 32,768 பிளாக் வரை போகும்: 4 கேபியில் 128 எம்பி, 1 கேபியில் வெறும் 32 எம்பி. ஒரு கோப்பின் உச்சம் 4 கேபியில் 16 டிபி, 1 கேபியில் 4 டிபி. 64 பிட் வசதி (பிளாக் எண்களைப் பெரிதாக வைக்க விடுவது) இல்லாத பழைய ஃபைல்சிஸ்டத்தில் மொத்த அளவுக்கும் இதே வரம்புதான். வசதி இருந்தால் 4 கேபியில் 1 எக்ஸாபைட் (சுமார் பத்து லட்சம் டிபி) வரை போகலாம்.

என் ஓட்டு 4 கேபிக்கு. அப்புறம் மாற்ற நினைத்தால் மறுபடி ஃபார்மட்தான், அதனால் முதல் ஸ்கேன் ஏறுவதற்குள் முடிவெடுங்கள்.