குன்னூர், கோத்தகிரியில் விற்பனைக்கு அலங்கரித்த வீடுகள்: அலங்காரத்துக்கு 10-க்கு 3

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் இப்போது விலைக்கு வரும் புது வில்லாக்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாமே ஒரே கை அலங்கரித்தது போலத்தான் இருக்கின்றன. சாம்பல் நிறச் சுவர். டிவிக்குப் பின்னால் கோடு கோடாக லூவர் பேனல். ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் எல்இடி பட்டை. சாப்பாட்டு மேசைக்கு மேல் இழை தெரியும் மஞ்சள் பல்புகள். மூலையில் காய்ந்த பம்பாஸ் புல், பிளாஸ்டிக் புல் ஒட்டிய சுவரில் நியான் எழுத்து. இந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, இவை சமவெளி ஃபிளாட்டுக்காகச் செய்த பொருள்கள் என்பது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடுகிறது. சுவர் காய்வதற்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். ஓவியம் போல் இருக்கும் வீடு இந்த ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் எப்படி மாறும் என்பதை வைத்துத்தான் இந்த மதிப்பெண்.

முதலில் லூவர் பேனலும் வால்பேப்பரும். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் ஒரு சுவராவது மண்ணை ஒட்டி நிற்கும். அதன் வெளிப்புறத்தில் ஜல்லி நிரப்பிய வடிகாலும், தடுப்புச்சுவரில் நீர் வெளியேறும் துளைகளும் இல்லையென்றால் மழைநீர் மண்ணில் தேங்கிச் சுவருக்குள் இறங்கும். முதலில் பெயின்ட் கொப்பளிக்கும், பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும், காரை கையோடு உதிரும். இந்த நிலையில் இருக்கும் சுவரைத்தான் பேனல் அடித்து மறைக்கிறார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பேனலாக இருந்தால் அடி ஓரம் ஈரம் குடித்து ஊதிவிடும். பிவிசி பேனல் கெடாது. ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதன் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் படரும். வினைல் வால்பேப்பரும் இப்படியேதான்: அது சுவருக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு அடியில் பசை பூஞ்சணத்துக்குத் தீனி.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது எளிது. எந்தச் சுவருக்குப் பின்னால் மண் இருக்கிறது என்று வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து அந்தச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சோஃபாவைத் தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரம் வரை முகர்ந்து பாருங்கள். எரியும் வாசனை மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு முகர வேண்டும். மெயினை அணைத்து ஒரு சுவிட்ச்போர்டு மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். திருகில் துரு இருந்தால் சுவருக்குள் நீர் இருக்கலாம். பெயின்ட் மட்டும் அடித்த சுவராக இருந்தால் ஓரடிச் சதுர பாலிதீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது அறையின் காற்றிலுள்ள ஈரம், ஜன்னல் திறந்தால் தீரும். பேனல் வேண்டியே தீரும் என்றால் உள்ளறைகளைப் பிரிக்கும் சுவரில் போடுங்கள், சுவரில் 25 மி.மீ. பட்டை அடித்து அதன் மேல் பேனலைப் பொருத்தி மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் இதற்கு அடுத்த ஏமாற்றம். தகரக் கூரைக்கு அடியில் இரவில் நீர் வியர்த்துச் சொட்டும். அந்தச் சொட்டு 12.5 மி.மீ. ஜிப்சம் பலகையில் விழுந்து மஞ்சள் வட்டமாகத் தெரிய இரண்டு மாதம் போதும், அதன் பிறகு பலகை தொங்கத் தொடங்கும். பச்சைத் தாள் ஒட்டிய ஈரம் தாங்கும் பலகை இதைத் தள்ளிப் போடுமே தவிர நிறுத்தாது. பழைய பங்களாக்களில் மரப்பலகைக் கூரையும் அதற்கு மேல் காற்றோட்டமுள்ள பரணும் வைத்ததற்குக் காரணம் இதுதான். இரண்டடிச் சதுரத்தில் ஏறிப் பார்க்கும் திறப்பு இல்லாத ஃபால்ஸ் சீலிங்கை ஏற்க வேண்டாம்.

கணப்படுப்பு இல்லாத வில்லா விளம்பரமே கிடையாது. பலவற்றில் இருப்பது சுவரில் பதித்த மின்சாரத் தீப்படம். அது 2,000 வாட் எடுக்கும், 16 ஆம்பியர் பிளக் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். விறகு எரிக்கும் கணப்பு என்று காட்டினால் புகைக்குழலை அளந்து பாருங்கள். கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது குழலின் பரப்பு இருக்க வேண்டும். மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம் உள்ள வாய்க்கு ஏறக்குறைய பத்தரை அங்குலச் சதுரக் குழல். சமையலறைச் சிம்னியின் ஆறு அங்குலக் குழாயைச் செருகியிருந்தால் அதில் கால்வாசிப் பரப்புதான் இருக்கும், புகை அறைக்குள்ளேயே திரும்பும். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடியாவது மேலே நிற்க வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் முகட்டை விட இரண்டடியாவது உயர வேண்டும். பார்க்கப் போகும்போது ஒரு செய்தித்தாளைச் சுருட்டி எரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கணப்புக்கு விலை கொடுக்காதீர்கள்.

குளியலறையில் கூரையிலிருந்து கொட்டும் பெரிய ரெயின் ஷவர் வைத்து 15 லிட்டர் கீசர் மாட்டியிருக்கிறார்கள். டிசம்பரில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 65 டிகிரிக்குக் காய்ச்சிய 15 லிட்டரைக் கலந்தால் 40 டிகிரியில் கிடைப்பது சுமார் 28 லிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் விடும் ஷவரில் அது இரண்டரை நிமிடம் கூட வராது. 2 கிலோவாட் கீசர் மறுபடி காய அரை மணி நேரம் ஆகும். 25 லிட்டர் கீசரும் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் விடும் கைஷவரும் இங்கே போதும், நன்றாகவும் இருக்கும்.

பள்ளத்தாக்கைக் காட்டும் முழுக் கண்ணாடிச் சுவரில் காட்சி அழகுதான், மறுக்க முடியாது. ஆனால் வெளியே 10, உள்ளே 20 டிகிரி இருக்கும் இரவில் 9 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியே 500 வாட் வெப்பம் வெளியேறும்; ஹீட்டரின் கால்வாசி அதற்கே போகும். இரட்டைக் கண்ணாடி அதைப் பாதியாக்கும். காலையில் ஒற்றைக் கண்ணாடியின் அடியில் வழியும் நீர் 8 மி.மீ. லாமினேட் தரைக்குள் இறங்கி, பலகை இணைப்புகளைத் தூக்கிவிடும். ஜன்னல் அருகே வெறுங்காலால் தடவிப் பாருங்கள், விளிம்பு தட்டுப்படும். கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்பிசி தரை அல்லது சிவப்பு ஆக்சைடு தரை என்றால் இந்தக் கவலை இல்லை.

சாம்பல் நிறம் இந்த ஊருக்கு ஒத்துவராது. மூடுபனி இறங்கினால் பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் நீலம் பாய்ந்துவிடும், அதில் சாம்பல் சுவர் செத்துப்போகும். மஞ்சள் கலந்த வெள்ளை அடியுங்கள். இழை பல்புகளைக் கழற்றிவிட்டு இளமஞ்சள் வெளிச்சம் தரும் 3,000 கெல்வினில் 9 வாட் எல்இடி போடுங்கள். பம்பாஸ் புல், கயிற்றை முடிச்சிட்டுப் பின்னிய மக்ரமே தொங்கல், பிரம்பு ஊஞ்சல் மூன்றும் ஆகஸ்டில் பூஞ்சணம் பிடிக்கும்.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலை என்று சட்டமிட்டுத் தொங்கவிடுவது பெரும்பாலும் அச்சுத்துணி, இது மனதை வருத்துகிறது. உண்மையான பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பு, சிவப்பு நூலால், முன்கூட்டி வரையாமல், இழையை எண்ணி எண்ணிப் போடுவது. துணியைத் திருப்பிப் பாருங்கள்: அச்சு பின்பக்கம் வெளிறியிருக்கும், தையல் இரு பக்கமும் நிற்கும். அதைச் செய்யும் தோடர் பெண்களிடமே வாங்கினால் வேலைக்கு உரிய கூலி அவர்களுக்குப் போய்ச் சேரும்.

கொடுத்த 3 மதிப்பெண்ணும் ஜன்னலோர இருக்கைக்கு. 18 அங்குல உயரம், 22 அங்குல ஆழம், அடியில் கம்பளி வைக்கக் காற்றுத்துளை விட்ட பெட்டி: இதைச் சரியாகச் செய்கிறார்கள், கிழக்குப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. மற்றபடி கம்பளிக்கும் ஸ்வெட்டருக்கும் அலமாரியே இல்லை. அலமாரி வைத்தால் அறை சின்னதாகத் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். கட்டிலும் நாலரை அடி அகலத்தில்தான் கிடக்கிறது. உங்கள் ஆறடிக் கட்டிலைத் தரையில் டேப் ஒட்டி அளந்து, சுற்றி இரண்டடி நடக்க இடம் இருக்கிறதா பாருங்கள். துணி காயப் போட மூடிய இடம் எங்கே என்றும் கேளுங்கள். பழைய வீடுகளில் அதற்குக் கண்ணாடி அடைத்த வராந்தா உண்டு. இந்த வில்லாக்களில் அங்கே நியான் எழுத்துச் சுவர் நிற்கிறது.

எந்தெந்தச் சாமான் விலையில் சேர்த்தி என்பதை முன்பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள். பல வீடுகளில் அலங்காரம் வாடகைக்கு வந்தது. பார்க்கப் போவது ஏப்ரலில் வேண்டாம். நவம்பரில், மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்து நின்ற மறுநாள் போங்கள்.