1935 இன்ஜினுக்கு நெற்றியில் விளக்கு: 480 யூரோ போன கதை

பழைய ஜெர்மன் நீராவி இன்ஜின் மாடல்களைத் தனி ஆட்களிடம் வாங்குகிறவர்கள் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். போன மாதம் 480 யூரோ கொடுத்து நன்றாக ஏமாந்தேன். விற்றவர் பெயரைப் போடப் போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: எச்ஓ அளவு, அதாவது 1:87. 01 வகை எக்ஸ்பிரஸ் இன்ஜின், எண் 01 077. "1935இல் ஓடிய நிலை, வரலாற்றுக்கு முழு உண்மை, கையால் மாற்றியமைத்தது." கூடவே ஒரு மரப்பெட்டி, எண்ணிட்ட சான்றிதழ். நான் விழுந்தது அந்தச் சான்றிதழில்தான். இப்போது எடுத்துப் பார்த்தால், வீட்டு பிரிண்டரில் அடித்த கெட்டித்தாள்.

01 வகையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1926 முதல் 1938 வரை புதிதாகக் கட்டியவை 231. 02 வகையிலிருந்து மாற்றிய பத்தையும் சேர்த்தால் 241. பன்னிரண்டு வருடம் கட்டினால் நடுவில் மாற்றம் வராமல் இருக்குமா? 01 101 வரை, முன்னால் ஓடும் சின்னச் சக்கரங்களின் விட்டம் 850 மி.மீ., வேக வரம்பு மணிக்கு 120 கி.மீ. 01 102இலிருந்து சக்கரம் 1000 மி.மீ., வேகம் 130. ஆகவே இந்த இன்ஜினில் எண் என்பது வெறும் பெயர் இல்லை, உடம்பையும் சொல்லிவிடும். 077 என்றால் சின்னச் சக்கரம்தான் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பணத்தை அனுப்பினேன் பாருங்கள், அதுதான் வெட்கம்.

பார்சல் வந்த அன்று இரவு தண்டவாளத்தில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற என் மகள், "அப்பா, இதுக்கு நெத்தியிலயும் ஒரு லைட் எரியுதே" என்றாள். கீழே இரண்டு, புகைபோக்கிக்கு முன்னால் மேலே ஒன்று. எனக்குச் சொரேர் என்றது. ரைஷ்பான், அதாவது போர் முடியும்வரை இருந்த ஜெர்மன் அரசு ரயில்வே காலத்து இன்ஜினுக்கு முன்னால் இரண்டே விளக்குதான். அந்த மூன்றாவது விளக்கு போரெல்லாம் முடிந்து, மேற்கு ஜெர்மனியின் அரசு ரயில்வேயான புண்டெஸ்பான் காலத்தில் வந்தது.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் பிழை. பாய்லரின் இரு பக்கமும் நிற்கும் புகைத்தடுப்புத் தகடுகளைப் பாருங்கள். 1935இல் 01க்கு இருந்தவை வாக்னர் வகை: பாய்லர் ஓரமாக ஆள் நடக்கும் பலகையிலிருந்து உயர்ந்து நிற்கும் பெரிய தகடுகள். எனக்கு வந்ததில் இருந்தவை விட்டெ வகை, தாங்கிகளில் தொங்கும் சிறியவை. புண்டெஸ்பான் இவற்றைத் தன் 01களில் மாட்டியது 1950களில். (பெரிய தகடு இருந்தாலே போருக்கு முந்தையது என்றும் எண்ணிவிடாதீர்கள். கிழக்கு ஜெர்மனியில் பல 01கள் கடைசிவரை அதே பெரிய தகடுகளோடுதான் ஓடின.)

வெர்னியர் அளவுகோலை எடுத்து முன் சக்கரத்தை அளந்தேன். 850ஐ 87ஆல் வகுத்தால் 9.8 மி.மீ. வர வேண்டும். வந்தது 11.5. அது 1000 மி.மீ. சக்கரத்தின் கணக்கு.

மறுநாள் கேபின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பித்தளை எண் தகட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். பசை காய்ந்துகூட இல்லை. அடியில் சுரண்டிய தடம், தொழிற்சாலையில் அச்சிட்ட வெள்ளை எண்ணின் மிச்சம். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்: 001 15, பிறகு அழிந்த ஓர் இலக்கம், ஒரு கோடு, 2. மூன்று இலக்கத்தில் தொடங்குகிறது என்றாலே 1968 ஜனவரி 1இல் புண்டெஸ்பான் கொண்டுவந்த கம்ப்யூட்டர் எண்தான். கோட்டுக்குப் பின்னால் நிற்பது சரிபார்ப்பு இலக்கம். ஆறு இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 1, 2, 1, 2 என்று பெருக்கி, விடைகளின் இலக்கங்களைக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் போடுவார்கள். இங்கே முதல் ஐந்தும் சேர்ந்து 8. கோட்டுக்குப் பின் 2 வர வேண்டுமானால், அழிந்த இலக்கம் 0 தவிர வேறெதுவும் ஆக முடியாது. ஆக, என் 1935 இன்ஜின் உண்மையில் 001 150-2. கடையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிற சாதாரண மாடல். அந்த மாடலில் எந்தக் குற்றமும் இல்லை. அதன் காலத்துக்கு விளக்கும் தகடும் சக்கரமும் எல்லாமே பொருத்தம்தான்.

போன் செய்தேன். மனிதர் அசரவே இல்லை. "எண்பத்தேழு மடங்கு சின்னதாக்கிய பிறகு ஒன்றரை மில்லிமீட்டரை யார் சார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். நீங்கள்தானே "முழு உண்மை" என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். தனிநபர் விற்பனை, உத்தரவாதம் கிடையாது, திரும்ப எடுக்க மாட்டேன் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேனே என்றார்.

ஜெர்மனியில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். தனிநபர் அப்படி எழுதிக்கொள்ளலாம்தான். ஆனால் குறையைத் தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வரி அவரைக் காப்பாற்றாது. சிவில் சட்டத்தின் 444ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சுரண்டிய எண்ணின் படத்தையும் அந்தப் பிரிவையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் 200 யூரோ வந்து சேர்ந்தது. மீதிக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் தப்பையும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் நான்கு படங்கள். நான்கும் டெண்டர் (இன்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) பக்கமிருந்து சாய்வாக எடுத்தவை. நேர் பக்கவாட்டில் ஒன்று, நேர் முகம் ஒன்று, முன் சக்கரத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒன்று அனுப்புங்கள் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். நான் கேட்கவில்லை.

நேற்று அவருடைய புது விளம்பரம் கண்ணில் பட்டது. அதே பச்சை மேசை விரிப்பு, அதே சாய்ந்த கோணம், விலை மட்டும் 20 யூரோ கூடுதல். இந்த முறை எண் 01 023. முன் சக்கரங்கள் தெரியவில்லை, மரப்பெட்டியைக் குறுக்கே வைத்திருக்கிறார்.